அலமாரிச் சாவி: எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன வாரக் கூட்டத்தில் நீங்கள் போட்ட தீர்மானத்தைப் பள்ளி அறிவிப்புப் பலகையில்தான் படித்தேன். பள்ளி முடிந்தபின் பிள்ளைகள் வருகிற மாலை மையத்தில் இனி செல்போன் கூடாது. படம் எடுப்பது, பொம்மை செய்வது, குரல் பதிவு செய்வது எல்லாம் நிற்க வேண்டும். ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை வீட்டுப்பாடம், சொல்வதை எழுதுதல், வாய்ப்பாடு. வெள்ளிக்கிழமைதோறும் தேர்வு. மையத்தின் பொருட்கள் இருக்கும் அலமாரியைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அந்த மையத்தை நடத்துகிற என்னை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருகிற பிள்ளைகளையும் கேட்கவில்லை. சாவியை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். தீர்மானத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஊரார் எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லியிருக்கும் காரணங்கள் இரண்டு. பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்பது ஒன்று. எந்நேரமும் செல்போனிலேயே கிடக்கிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மறுக்கவில்லை. கிராமத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கிற அசர் ஆய்வு 2022இல் நடந்தது. அதில், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 100க்கு 5 பேர்கூட இல்லை. கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஆய்வை விடுங்கள், நம் பள்ளியிலேயே நான்காம் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டத் திணறுகிற பிள்ளைகளை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். நோய் என்ன என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நீங்கள் எழுதித் தந்திருக்கும் மருந்தை நான் ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அது வேலை செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மாலையில் தன்னார்வலர்கள் சொல்லித் தர, 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அரசு தொடங்கியது. அடுத்த ஜனவரியில் நான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, தினமும் மாலையில் ஒன்றரை மணி நேரம். முதல் ஐந்து மாதம் நான் செய்தது, இன்றைக்கு உங்கள் தீர்மானம் சொல்வதைத்தான், எழுத்துக்கு எழுத்து. வீட்டுப்பாடம், வாய்ப்பாடு, சொல்வதை எழுதுதல். ஒரு பையன் இருந்தான், அப்போது இரண்டாம் வகுப்பு. பார்த்து எழுதுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு பக்கத்தை அச்சுப் பிசகாமல் எழுதிக் காட்டுவான். புத்தகத்தை மூடிவிட்டு அவன் எழுதியதையே வாசிக்கச் சொன்னால் ஒரு சொல் வராது. எழுத்துகளை அவன் கோலம் மாதிரி வரைந்துகொண்டிருந்தான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. நோட்டு நிறைந்திருந்ததால் அவன் அம்மாவுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. 23 பேரில் தொடங்கிய மையம் பள்ளி விடுமுறை வரும்போது ஒன்பது பேராகச் சுருங்கியிருந்தது. பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பிள்ளை, சாயந்திரமும் அதே பள்ளிக்கூடத்துக்கு வருமா?

மாறியது ஒரு மின்வெட்டில். நோட்டுப் பார்க்க வெளிச்சம் இல்லை. ஆளுக்கொரு கதை சொல்லுங்கள் என்றேன். என் போனில் அதைப் பதிவு செய்து வைத்தேன். மறுநாள் போட்டுக் காட்டியபோது, அதுவரை என்னிடம் வாயே திறக்காத ஒரு சிறுமி தன் குரலைக் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவ போடுங்கக்கா" என்றாள். அவள் சொன்னது அவர்கள் வீட்டு ஆடு கிணற்றில் விழுந்த கதை. ஆறு வரி. அதை அவள் சொன்னபடியே பெரிய சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அடுத்த நாள் அவள் அந்தச் சார்ட்டின் முன்னால் நின்று விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். எந்த வரியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், அது அவள் ஆடு. 'கிணறு' என்ற சொல்லை அவள் மறக்கவே இல்லை. ஐந்து மாதம் சொல்வதை எழுதியும் வராத 'ற' அந்த ஒரு சார்ட்டில் வந்தது.

அதற்குப் பிறகு மையம் வேறு மாதிரி ஆகிவிட்டது. திட்டத்துக்கு வெளியே, பள்ளியின் பழைய வகுப்பறையில், இந்தக் குழுவின் சம்மதத்தோடுதான் நடத்தி வருகிறேன். அதில் பிள்ளைகள் செய்கிற வேலையை 'செல்போன் விளையாட்டு' என்று தீர்மானத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது என்ன வேலை என்று நீங்கள் வந்து பார்த்ததில்லை. அதனால் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

இந்த ஆண்டு எடுத்துக்கொண்டது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடிகாலையில் அது வேதாரண்யம் பக்கம் கரையேறி, நம் ஆலங்குடி வட்டாரத்துத் தென்னையையும் பலாவையும் படுக்கப்போட்டது உங்களுக்கு மறந்திருக்காது. மையத்துக்கு வருகிற பிள்ளைகள் அப்போது சின்னஞ்சிறுசுகள், சிலர் பிறக்கவே இல்லை. வீட்டில் எல்லாரும் 'கஜாவுக்கு முன்னாடி, கஜாவுக்குப் பின்னாடி' என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள். 'அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?' என்று ஒருத்தி கேட்டாள். கேள்விகளைப் பிள்ளைகளே எழுதினார்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள்.

பதிவு செய்து வந்ததைக் கேட்டு எழுத வேண்டும். ஒரு நிமிடப் பேச்சை எழுத முக்கால் மணி நேரம் ஆகும். நிறுத்து, திருப்பிப் போடு, எழுது, அடி, திரும்பக் கேள். நீங்கள் கேட்கிற 'சொல்வதை எழுதுதல்' இதுதானே? இதில் சொல்கிறவர் அவர்களுடைய அப்பத்தா என்பது ஒன்றுதான் வித்தியாசம். முன்பு கோலம் வரைந்த அந்தப் பையன் இப்போது ஐந்தாம் வகுப்பு. அவனுக்கு வந்த பதிவில் ஒரு பாட்டி, "ஒரே ராத்திரியில நாப்பது புள்ளயும் போச்சு, சோறு தண்ணி எறங்கல" என்கிறார். பையன் பள்ளித் தமிழில் மாற்றி எழுதினான்: 'ஒரே இரவில் நாற்பது பிள்ளைகளும் இறந்துவிட்டார்கள்.' பக்கத்திலிருந்தவள் வாசித்துவிட்டு அலறினாள். "அந்த அப்பத்தாளுக்கு நாப்பது புள்ளயாடா?" பிறகு ஒரே சண்டை. திரும்பப் பாட்டியிடமே ஓடினார்கள். அவர் சொன்னது தென்னம்பிள்ளையை. "நட்டுத் தண்ணி ஊத்தி வளத்தா அதுவும் புள்ளதான்யா" என்றாராம்.

அந்தப் பையன் திரும்பி வந்து தான் எழுதியதை அடிக்கவில்லை. மேலே பாட்டி பேசியதை அவர் பேசியபடியே எழுதினான், கீழே நம் எழுத்துத் தமிழில் எழுதினான். பேசுகிற தமிழுக்கும் எழுதுகிற தமிழுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் வழி தவறிப்போகிறார்கள் என்பது என் அனுபவம். வீட்டில் கேட்கிற 'அடிச்சுச்சு' புத்தகத்தில் 'அடித்தது' ஆகிவிடுகிறது, அதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. அன்றைக்கு அந்தப் பையன் அதைத் தானாகக் கடந்தான். 'தென்னம்பிள்ளை' என்று எழுதும்போது எந்த ன, எந்த ள என்று என்னை மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். தப்பாக எழுதினால் பாட்டிக்கு மரியாதைக் குறைவு என்று அவனுக்குப் பட்டிருக்கிறது. எந்தத் தேர்வுத் தாளுக்கு அவன் அப்படிப் பயந்திருக்கிறான்?

எழுதியதைக் காணொளியாக்க வேண்டும் என்றார்கள். புயல் அடித்த காட்சி யாரிடமும் இல்லை. குளத்துக் களிமண்ணில் வீடு, ஈர்க்குச்சியில் தென்னை செய்து, மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து ஒவ்வொரு படமாக எடுப்பது என்று முடிவானது. பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் செங்கல் வைத்துப் போனைக் கட்டினார்கள். அசைவு ஒழுங்காகத் தெரிய ஒரு வினாடிக்கு 12 படம் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை? தரையில் சாக்பீசால் பெருக்கினார்கள்: 720. அத்தனை எடுக்க முடியாது, வினாடிக்கு ஆறாகக் குறைத்தால் 360, கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடும், பரவாயில்லை. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை நான் அவர்களுக்குச் சொல்லித் தரவே இல்லை. காய்ந்த தென்னை மட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் புயல் சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்தது மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று.

பின்னணிக் குரல் கொடுக்கும்போது இன்னொன்றைப் பார்த்தேன். நான்கு வரி. எட்டு வினாடிக்குள் வாசித்து முடிக்க வேண்டும். அந்த ஆட்டுக் கதைச் சிறுமி அதைப் பதினொரு முறை வாசித்தாள். யாரும் அவளைத் திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. கேட்டுப் பார்ப்பாள், "இங்க தடுக்குதுக்கா" என்பாள், மறுபடி வாசிப்பாள். ஒரு சொல் நீளமாக இருக்கிறது என்று அதை எடுத்துவிட்டுச் சின்னதாக வேறு சொல் போட்டாள். பாடப்புத்தகத்தில் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாலே கண் கலங்குகிற பிள்ளை அவள்.

வாசிப்பு இயக்கத்தில் அரசு கொடுத்த புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாக வருகின்றன. போன ஜூனில் 'நுழை'யைத் தாண்டாத ஏழு பேரில் ஐந்து பேர் இப்போது 'ஓடு' புத்தகங்களைத் தாங்களாக எடுத்து வாசிக்கிறார்கள். மீதி இருவருக்கு இன்னும் வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தனியாக வேண்டியிருக்கிறது, கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். எழுத்துப் பயிற்சி தேவையில்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை.

செல்போன் பற்றி. நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். சோறு ஊட்டப் போன் கொடுத்து, அதைத் திரும்ப வாங்க முடியாமல் அழவைத்த இரவுகள் என் வீட்டிலும் உண்டு. மையத்தில் இருப்பவை என் போனும், ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய போன் இரண்டும். அவற்றில் சிம் கிடையாது, இணையம் கிடையாது, விளையாட்டு எதுவும் கிடையாது. ஐந்து பேருக்கு ஒரு போன். ஏழு மணிக்கு எண்ணிப் பெட்டியில் வைத்துவிடுவோம். அடுத்தவன் செய்ததைப் பார்த்துக்கொண்டே கிடக்கிற பிள்ளையும், தான் எழுதியதைத் தன் குரலில் பதிவு செய்கிற பிள்ளையும் கையில் வைத்திருப்பது ஒரே போன்தான். அதற்காக இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை கொடுக்கலாமா?

என் பக்கம் ஒரு தவறு நடந்திருக்கிறது. பிள்ளைகள் பேசுகிற ஒரு காணொளியைப் பெற்றோரைக் கேட்காமல் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டேன். ஒரு தகப்பனார் வருத்தப்பட்டார். அவர் சொன்னது சரி. அன்றே நீக்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு ஒரு விதி வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தால் முதல் கையெழுத்து நான் போட்டிருப்பேன்.

உறுப்பினர்களே, இது புதுக்கோட்டை மாவட்டம். பெரியவர்களுக்கு எழுத்தறிவு கொடுத்த அறிவொளி இயக்கம் 1991இல் இங்கே வந்தபோது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். என் அம்மாவுக்கு அன்றைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தேர்வுத் தாள் வழியாக அவருக்கு எழுத்து வரவில்லை. கலைக்குழு வந்து தெருவில் பாட்டுப் பாடியது, நாடகம் போட்டது. ஊர் ஊராகப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். என் அம்மாவும் பகலில் களையெடுத்துவிட்டு வந்து, சாயந்திரம் சைக்கிளில் ஏறி விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு, அப்புறம் விளக்கு வெளிச்சத்தில் தன் பெயரை எழுதினார். உங்களில் பலருடைய அம்மாக்களும் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்தவர்கள்தான். பாட்டும் சைக்கிளும் படிப்பைக் கெடுக்கும் என்று அன்றைக்கு யாராவது தீர்மானம் போட்டிருந்தால், இந்த மடலை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சட்டத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் குழுவே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் பிறந்தது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளைகள் செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் கற்க வேண்டும், அச்சமில்லாமல் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. தொடக்க வகுப்புகளுக்காக அரசு பகலில் நடத்தும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் பாட்டும் கதையும் பொம்மையும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கென்றே ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் வருகின்றன. அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் காட்டுகிறார்கள். பகல் பள்ளிக்கூடம் இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, நம் ஊர் மாலை மையம் மட்டும் ஏன் பழைய திண்ணைப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கசக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சாயந்திரம் வேன் ஏறி ட்யூஷனுக்கும் ஓவிய வகுப்புக்கும் போகிறார்கள். மையத்துக்கு வருவது நூறு நாள் வேலைக்கும் பூப்பறிக்கவும் போகிறவர்களின் பிள்ளைகள். கையால் செய்து, படம் எடுத்து, தன் குரலைத் தானே கேட்டுக் கற்பது காசு கொடுத்தவர்களுக்கு, வெறும் பயிற்சித் தாள் காசு இல்லாதவர்களுக்கு என்று நாமே கோடு போட்டுவிடக் கூடாது. செலவு என்று பார்த்தாலும் இந்த ஆண்டு சார்ட்டு, வண்ணம், மெமரி கார்டு, சின்ன ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்ச் சொச்சம். களிமண் குளம் கொடுத்தது.

தலைவர் அக்கா, நீங்களும் ஒரு தாயாகத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். என் கோரிக்கைகளை உங்கள் பெயருக்கே எழுதுகிறேன்.

தீர்மானத்தை அடுத்த மாதக் கூட்டம் வரை நிறுத்தி வையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள், மையத்துப் பிள்ளைகளில் நான்கு பேரையும் கூப்பிடுங்கள். அவர்கள் எழுதிய நோட்டுகளை எடுத்து வருவார்கள், உங்கள் முன்னால் வாசித்துக் காட்டுவார்கள். அதற்கு முன் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாளாவது ஐந்து மணிக்கு வந்து ஏழு மணி வரை மையத்தில் உட்கார வேண்டும். வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தேர்வு வைக்கத்தான் வேண்டும் என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிள்ளை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியரே நேரில் இருந்து கேட்கட்டும். முன்னேற்றம் இல்லையென்றால் என் முறையை மாற்றிக்கொள்கிறேன், எழுதித் தரவும் தயார். வாரத்தில் இரண்டு நாள் எழுத்துப் பயிற்சிக்கும் வீட்டுப்பாடத்துக்கும் ஒதுக்கவும் சம்மதம். மற்ற நாட்களைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுங்கள்.

போனுக்கான விதிகளை எழுத்தில் கொண்டுவாருங்கள். சிம் இல்லாத போன், இணையம் இல்லை, பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகமும் குரலும் ஊருக்கு வெளியே போகாது என்று அதில் இருக்கட்டும். பள்ளியின் பெயரில் ஒரு சாதாரண டேப்லெட் வாங்க முடியுமானால் என் சொந்தப் போன் மையத்துக்குள் வரவே தேவையில்லை. முன்னாள் மாணவர்களிடம் கேட்கலாம், நானும் வந்து கேட்கிறேன்.

கடைசியாக, அந்தச் சாவி. கஜா படத்தில் இன்னும் 90 படம் பாக்கி. களிமண் வீடுகள் அலமாரிக்குள் காய்ந்து வெடித்துக்கொண்டிருக்கும், பதிவுகள் இருக்கும் மெமரி கார்டும் உள்ளேதான் இருக்கிறது. நவம்பர் 16 அன்று பிள்ளையார் கோயில் திடலில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவதாகப் பிள்ளைகள் அந்தப் பாட்டியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் தினமும் தெருவில் அவர்களை நிறுத்தி, "எம் புள்ளைகளப் பத்தி எழுதுனத எப்பய்யா காட்டுவீய?" என்று கேட்கிறார். மற்றக் கோரிக்கைகளுக்கு அடுத்த கூட்டம் வரை காத்திருக்கிறேன். சாவியை மட்டும் வருகிற திங்கள்கிழமை ஐந்து மணிக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மாலை மையத் தன்னார்வலர்